பச்சை யூட்டில் பால் ஜாடி

கோப்டன் பண்ணை,
மே மாதக் கடைசி ஞாயிறு, மாலைப் பால் கறந்த பிறகு.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா லொரெய்னுக்கு,

தம்பி நெவில் பணிவுடன் எழுதுவது. இங்கே மாடுகள் சௌக்கியம், மழை சௌக்கியம், என் பெண்டாட்டி ஹெதரின் நாக்கு பரம சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் மழைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே வடக்கே மக்கையில் நீயும் மருமகன் டேமியனும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் ஊர் வெயிலில் கொஞ்சத்தைப் பொட்டலம் கட்டி அனுப்ப முடிந்தால் அனுப்பவும், தபால் செலவை ஹெதர் பார்த்துக்கொள்வாள்.

உன் கடிதம் கிடைத்தது. என் பெண் கெரின் வருகிறாளா இல்லையா, சுரங்கத்தில் டேமியன் சொல்லிவைத்திருக்கும் மெக்கானிக் வேலையை ஜூன் பாதிக்கு மேல் பிடித்து வைக்க முடியாது, ஒரே வார்த்தையில் பதில் எழுது என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. ஒரே வார்த்தையில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு டப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் நீ காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு "என்ன? என்ன?" என்பாய், நான் கத்துவேன், பக்கத்து அறையில் கெரின் கேட்பாள். அதனால்தான் கடிதம்.

அந்தப் பச்சை யூட் வண்டி உனக்கு ஞாபகம் இருக்கும். பின்தொட்டியில் கன்றுக்குட்டிகளை ஏற்றிக்கொண்டு போவோமே, அதேதான். கெரின் அதற்கு எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்து, எஞ்சின் தலையில் சூப்பர்சார்ஜர் என்று ஒன்றைத் தூக்கி உட்காரவைத்தாள். சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். இதுவோ, சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளையின் வாயில் திணிக்கிற மாதிரி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். முதல் தடவை அவள் அதைக் கொட்டகை வாசலில் கிளப்பினபோது என் கையிலிருந்த டீ தானாகவே நடுங்கியது. நாய் இரண்டு நாள் கட்டிலுக்கடியிலிருந்து வரவில்லை. இந்த வண்டியில் இனி என் கால் படாது என்று அன்றே ஹெதர் முன்னால் சத்தியம் பண்ணினேன். "உன்னை யாரு கூப்பிட்டா?" என்றாள் அவள்.

மார்ச் மாதம் நடந்த கூத்தை நீ கேள்விப்பட்டிருப்பாய், ஆனால் டேமியன் வாயால் கேட்டிருப்பாய், அதனால் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். கடலோர ஓடுதளத்தில் கால் மைல் நேர் ஓட்டம். இரண்டு வண்டி, ஒரு பச்சை விளக்கு, யார் முதலில் அந்தக் கோடியைத் தொடுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம், அவ்வளவுதான் விளையாட்டே. கெரின் பச்சை விளக்குக்குப் பறந்தாள், பாதி தூரத்தில் யூட் எண்ணெயைக் கக்கியது. அக்கா, அந்த உலகத்தில் கொலைகாரனைக்கூட மன்னிப்பார்கள், தளத்தில் எண்ணெய் சிந்தினவளை மன்னிக்க மாட்டார்கள். பின்னால் வருகிறவன் அதில் சறுக்கினால் சுவரில்தான் போய் நிற்பான். அதனால் எல்லா ஓட்டத்தையும் நிறுத்தி, தூளைக் கொட்டி, துடைப்பத்தை எடுத்துத் தேய்க்கத் தேய்க்க நேரம் போய்விட்டது. அங்கே கொடி பிடிப்பவன், கேட்டில் நிற்பவன், துடைப்பம் பிடிப்பவன் எல்லாருமே நம்மைப் போல பால்மாட்டுக்காரர்கள், மத்தியானத்துக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார்கள், மாடு காத்திருக்கும். தேய்த்து முடித்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டார்கள். மில்டூராவிலிருந்து ராத்திரி முழுக்க வண்டியை இழுத்துக்கொண்டு வந்த திராட்சைத் தோட்டக்காரன் ஸ்டாவ்ரோஸ், எஞ்சினைக்கூடக் கிளப்பாமல் திரும்பிப் போனான். போகிறபோது கெரினைப் பார்த்துக் கிரேக்கத்தில் என்னவோ சொன்னான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் வாழ்த்து இல்லை என்று புரிந்தது.

ஓடுதளத்து மேற்பார்வையாளர் டார்சி பாஸ்கோ, அவனும் பால்மாட்டுக்காரன்தான், எருமை மாதிரி ஆள், ஆனால் நியாயஸ்தன், வந்து சொன்னான்: "இந்தா பாரு கெரின், இன்னொரு சொட்டு விழுந்துது, இந்த வருஷம் முழுக்க உன் வண்டி கேட்டைத் தாண்டாது. உருப்படியா எண்ணெய் பிடிக்கிற டப்பா ஒண்ணு, கேட்ச் கேன், மாட்டிக்கிட்டு வா." அடுத்த நாளே ஊரில் அவளுக்கு எண்ணெய்க் கிணறு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேக்கரியில் ரொட்டி வாங்கப் போனால் ரொட்டிக்கடைக்காரி, "வெண்ணெய் வேணுமா, இல்ல நீயே எண்ணெய் வச்சிருக்கியா?" என்கிறாள். அன்றைக்கு ராத்திரிதான் கெரின் டேமியனைக் கூப்பிட்டு வேலை கேட்டது. என்னிடம், "அங்கேயும் துரத்திட்டாங்கன்னா எனக்கு இந்த ஊர்ல என்னப்பா இருக்கு?" என்றாள். என்ன இருக்கா? நான் இருக்கேன், உங்கம்மா இருக்கா, நூத்துச் சொச்சம் மாடு இருக்கு, நீ பொறந்த வீடு இருக்குன்னு தொண்டைவரைக்கும் வந்துது அக்கா. வாய் திறந்தப்ப, "வடக்குக் கேட் தொறந்து கிடக்கு"ன்னு சொல்லிட்டு வெளியே போயிட்டேன். நம்ம குடும்பத்து ஆம்பளைங்க பேச்சு உனக்குத் தெரியாதா?

சரி, டப்பாவுக்கு வருகிறேன். காற்றை அப்படித் திணித்தால் அதில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக நழுவி எஞ்சின் வயிற்றுக்குள் இறங்குமாம். அங்கே இருக்கிற எண்ணெயைச் சுருட்டிக்கொண்டு ஆவியாகத் திரும்பி மேலே வருமாம். அந்த ஆவியை ஒரு குழாய் வழியாக டப்பாவுக்குள் விட்டால் எண்ணெய் அடியில் தங்கிவிடும், காற்று மட்டும் வெளியே போகும். கெரின் இதைச் சமையலறை மேஜையில் தக்காளி சாஸ் பாட்டிலையும் உப்பு ஜாடியையும் வைத்து விளக்கினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் தெரியுமா? அது நம்ம பால் கொட்டகை அக்கா! கறக்கிற மெஷினுக்கும் காற்றை உறிஞ்சும் பம்புக்கும் நடுவில் ஓர் எவர்சில்வர் ஜாடி தொங்குமே, தப்பி வரும் பால் பம்புக்குள் போகாமல் தடுத்து நிறுத்த, நாற்பது வருஷமாக நான் தினமும் இரண்டு வேளை கழுவுகிற ஜாடி! "அடியே, இது நம்ம ஜாடிதானே!" என்று கத்திவிட்டேன். கெரின் என்னைப் பார்த்தாள், சாஸ் பாட்டிலைப் பார்த்தாள், எழுந்து கொட்டகைக்கு ஓடினாள்.

ஏனென்றால் அவள் தபாலில் வரவழைத்த டப்பா பளபளவென்று அழகாகத்தான் இருந்தது, ஆனால் கொள்ளளவு ஒரு டீ கப். பாஸ்கோ அதைப் பார்த்து, "இது பொம்மைக்கா?" என்று கேட்டுவிட்டான். வேறு வரவழைக்க நேரமில்லை, சனிக்கிழமைதான் குளிர் வருவதற்கு முன்னால் கடைசி ஓட்டம். பழைய கொட்டகையில் சும்மா கிடந்த ஜாடியை எடுத்துவந்து அடியில் ஒரு திருகு வால்வும் மேலே இரண்டு மூக்கும் வைத்து அவளே வெல்டிங் பண்ணினாள். உள்ளே ஆவி மோதி எண்ணெயாக மாறுவதற்குக் கம்பிச் சுருள் வேண்டுமாம். ஹெதர் புதிதாக வாங்கிவைத்திருந்த பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் நார் ஒரு டஜன் காணாமல் போனது. "என் நாரெல்லாம் எங்கே?" என்று ஹெதர் கேட்டாள். "எஞ்சினுக்குள்ளே" என்றேன். "அப்போ இனிமே பாத்திரத்தையும் எஞ்சினே தேய்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், மூன்று நாள் ஒரே தட்டில் முட்டையும் கறியும் கேக்கும் சாப்பிட்டோம். ஜாடியை வைக்க எஞ்சின் பக்கத்தில் விரல் நுழைய இடமில்லை. கண்ணாடி கழுவுகிற தண்ணீர் டப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, கேட் கீலை வளைத்துத் தாங்கி பண்ணி அதன் மேல் ஜாடியைப் பூட்டினாள். பூட்டி முடித்து நிமிர்ந்தபோது கையெல்லாம் ரத்தமும் கிரீஸும், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் அவளுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறு ஒன்றும் பண்ணவில்லை.

இனிமேல்தான் நான் பண்ணினது. ஜாடி இடம் மாறியதால் வாங்கி வைத்த எண்ணெய்க் குழாயில் ஒரு துண்டு எட்டவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், கோப்டன் கடைக்காரர் மகள் கல்யாணம் என்று கடையைப் பூட்டிவிட்டார். எனக்கு முழங்கால் மடங்காததால் அன்றைக்கு கெரின் பால் கறக்கப் போக வேண்டியிருந்தது. போகும்போது திரும்பிப் பார்த்து, "அப்பா, அந்த ஒரு குழாயை மட்டும் நீ எப்படியாவது மாட்டிடு" என்றாள். அக்கா, இருபத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெண் அவளுடைய ஒரு ஸ்பேனரைக்கூட என்னைத் தொட விட்டதில்லை. எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. கொட்டகையில் இருக்கிறதிலேயே உசத்தியான கறுப்பு ரப்பர் பால் குழாயைத் தேடி எடுத்தேன். கொதிக்கிற வெந்நீரைத் தாங்கும், அமிலத்தைத் தாங்கும், மாடு மிதித்தாலும் தாங்கும். அளந்து வெட்டி, கிளிப் போட்டு இறுக்கி, வெப்பம் தாக்காமல் பட்டையும் சுற்றிவிட்டேன். கெரின் வந்து தட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே!" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை பாஸ்கோ எஞ்சின் மூடியைத் தூக்கி ஜாடியைப் பார்த்ததும், "யோவ் நெவில், இதுல எண்ணெய் பிடிக்கப் போறியா, வெண்ணெய் எடுக்கப் போறியா?" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் அந்த ஜாடி தெரியும், எல்லார் வீட்டுக் கொட்டகையிலும் தொங்குகிறது. சிரிக்க ஆரம்பித்தவர்கள் கிட்டே வந்து வெல்டிங்கைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். கெரின் முதல் ஓட்டத்துக்குப் போனாள். நான் இதுவரை கிட்டே நின்று பார்த்ததில்லை, அக்கா. அதைச் சத்தம் என்று சொல்லக்கூடாது. காதில் கேட்பதற்கு முன்னால் விலா எலும்பில் கேட்கிறது. தரை அதிர்கிறது, பல் ஆடுகிறது, நான் மூச்சு விடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில் அந்தக் கன்றுக்குட்டி வண்டி அந்தக் கோடியில் புள்ளியாகிவிட்டது. அதற்குள்ளே இருக்கிறது நான் தோளில் தூக்கிச் சுமந்த பெண். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துடுச்சு, டயர் புகைன்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன்.

ஓட்டத்துக்கு ஓட்டம் ஜாடியைத் திறந்து பார்ப்பது என் வேலை. வால்வைத் திருகினால் காப்பி நிறத்தில் கெட்டியாக இறங்கியது. ஆகா, இத்தனை நாள் அந்த எஞ்சின் ஊரார் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது இதைத்தானா! ஜாம் பாட்டிலில் பிடித்து, பேரப்பிள்ளை பிறந்தவன் மாதிரி ஒவ்வொரு கூடாரமாகப் போய்க் காட்டினேன். தளத்தில் ஒரு சொட்டு இல்லை. கெரின் ஜெயித்தாள், மறுபடி ஓடினாள், மறுபடி ஜெயித்தாள். இறுதி ஓட்டம் யாரோடு என்று நினைக்கிறாய்? ஸ்டாவ்ரோஸோடு!

அப்போதுதான் வால்வைத் திருகக் குனிந்தவன் என் குழாயைத் தொட்டேன். கொழகொழவென்று இருந்தது. பட்டையைப் பிரித்தால், பால் கட்டிய மடி மாதிரி உப்பிக்கொண்டு, கிளிப் ஓரத்தில் ஒரு எண்ணெய் முத்து தொங்கியது. வெந்நீரையும் அமிலத்தையும் தாங்குகிற பால் ரப்பர் சூடான எண்ணெயைத் தாங்காது என்று எனக்கு எங்கே தெரியும்? இன்னொரு ஓட்டம் ஓடினால் பிய்த்துக்கொண்டு போகும். போனால் எண்ணெய், எண்ணெய் விழுந்தால் தடை, தடை என்றால் என் பெண் மக்கைக்கு. நானே என் கையால் கிளிப் போட்டு இறுக்கி அவளை அனுப்பிவைத்த மாதிரி. ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பிறகு போய்ச் சொன்னேன். "கெரின், அது வந்து… அந்தக் குழாய் பால் குழாய்."

"எந்தக் குழாய்?"

"நான் மாட்டினது."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. குழாயை அமுக்கிப் பார்த்தாள், ஹெல்மெட்டைக் கழற்றி டயர் மேல் வைத்தாள். "இன்னொரு தடவை அவங்க தளத்தை நாசம் பண்ண மாட்டேன்ப்பா. விலகிக்கறேன்னு சொல்லிட்டு வரேன்" என்று பாஸ்கோவை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன், அதாவது முழங்கால் விட்ட அளவுக்கு. பாஸ்கோ பக்கத்தில்தான் ஸ்டாவ்ரோஸ் நின்றுகொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டான். கோப்பை அவன் மடியில் தானாக வந்து விழுகிறது, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? அவன் முகம் சிவந்துபோச்சு. "என்னம்மா நினைச்சுக்கிட்டு இருக்கே? மார்ச்சுல ஓடாம திரும்பிப் போனேன், இப்பவும் ஓடாம போகணுமா? ஓடாம வாங்கின கோப்பையை எங்கம்மா வீட்டு வாசப்படி தாண்ட விடமாட்டா!" என்று கத்திக்கொண்டே தன் வண்டிக்குப் போனான். உள்ளே போய் உருட்டினான், புரட்டினான், ஒரு சுருள் எண்ணெய்க் குழாயோடு வந்தான். கத்தி இல்லை என்று கொடி வெட்டுகிற திராட்சைக் கத்தரியால் வெட்டினான். கெரினும் அவனும் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு மாட்டினார்கள். என் குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பெரியவரே, இதை மாட்டுக்கே கொண்டு போய்க் குடுங்க" என்றான். "மார்ச்சுல கிரேக்கத்துல என்ன சொன்னே?" என்று கெரின் கேட்டாள். "உன்னை இல்லம்மா, உன் எண்ணெயைத்தான் சொன்னேன்" என்றான், ஆனால் என்ன சொன்னான் என்று கடைசிவரை சொல்லவில்லை. எதிராளிக்குத் தன் கையாலேயே குழாய் மாட்டிவிடுகிற மனுஷர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை அக்கா.

ஓடினார்கள். கெரின் தோற்றாள். யூட்டின் மூக்கு நீளத்தில் தோற்றாள். ஆனால் யாரும் கோப்பையைப் பார்க்கவில்லை, எல்லாரும் பாஸ்கோவைத்தான் பார்த்தார்கள். அந்த மலை மனுஷன் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அவள் ஓடின தடத்தில் மெதுவாக நடந்தான். நடுநடுவே குனிந்து துடைத்தான், குனியும்போதெல்லாம் முனகினான். அந்தக் கோடியில் நின்று கைக்குட்டையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். டயர்த் தூசி கொஞ்சம், எண்ணெய் ஒரு பொட்டு இல்லை. ஒருத்தன் தன் வண்டிக்குள் கையை விட்டு ஹார்ன் அடித்தான், அப்புறம் பக்கத்தில் இருந்தவன், அப்புறம் அத்தனை வண்டியும், பால் லாரி ஒன்று நின்றது, அதுவும் அடித்தது. அத்தனை ஹார்னும் என் பெண்ணுக்காக. நானும் அடித்தேன், யூட் கதவைத் திறந்து கையை விட்டு அடித்தேன், கால் வைக்கவில்லை.

இதற்குப் பிறகு அவள் எங்கேயும் போக மாட்டாள் என்றுதானே நீயும் நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நான் மக்கைக்குப் போறேன். பெரிய எஞ்சின்ல வேலை பார்க்கணும்னு எப்பவும் ஆசைதான். ஆனா எண்ணெய்க் கிணறுன்னு துரத்தி விட்டாங்கன்னு போகக்கூடாதுன்னு இருந்தேன். இப்ப தலை நிமிர்ந்து போகலாம். ஓட்டிக்கிட்டே போறேன், யூட்டுலயே." அவளை இந்த ஊரிலேயே கட்டிப்போடத்தான் அந்தக் குழாய் விஷயத்தைப் போய்ச் சொன்னேன், அதுவே அவளை அவிழ்த்துவிட்டது. போகாதேன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். "டயர்ல காத்து பார்த்தியா?"ன்னு கேட்டுட்டேன் அக்கா. ஹெதர் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆகவே நீ கேட்ட ஒரே வார்த்தை: வருகிறாள். அறையைத் தயார் பண்ணி வை. பூசணிக்காய் போட்டால் சாப்பிட்ட மாதிரி நடிப்பாள், நம்பாதே. காலையில் யாரும் எழுப்பாமல் அவளே எழுந்துவிடுவாள், எழுந்ததும் கறக்க மாடு தேடுவாள், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று டேமியனிடம் சொல். பிள்ளைகள் போகத்தான் வேண்டும், அப்பன் குறுக்கே நிற்கக்கூடாது. நான் இங்கே மாடுகளோடு நிம்மதியாக இருப்பேன். அந்த வண்டிச் சத்தம் போனால் நாய்க்கும் நல்லது. உன் வீட்டுக் கூரை மழையைத் தாங்கட்டும், உன் காது மெஷின் பேட்டரி தீராதிருக்கட்டும், நம் எல்லாரையும் மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அன்புத் தம்பி,
நெவில்

பி.கு.: அக்கா, உறையை ஒட்டுவதற்குள் இன்னொன்று. இன்று திங்கட்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம் ஆகிறது. கெரின் யூட்டைக் கிளப்பிவிட்டு, மக்கைவரை ஓட்டினால் ஜாடி நிரம்பும், வழியில் அடிக்கடி இறக்க வேண்டும், கண்ணாடி கழுவுகிற டப்பி வேறு இல்லை, பூச்சி அப்பும், யாராவது துடைக்க வேண்டும் என்றாள். ஹெதர் தெளிக்கிற பாட்டில் ஒன்றையும் என் பையையும் கொண்டுவந்து பின்தொட்டியில் வைத்தாள். "மாட்டுக்கெல்லாம் பால் வத்த ஆரம்பிச்சாச்சு, மிச்சத்தை நானும் பாஸ்கோவும் பார்த்துக்கறோம், கொட்டகையில உக்காந்து மூக்கைச் சிந்தாம போயிட்டு வா" என்றாள். கெரின் கண்ணாடியை இறக்கி, "அப்பா, வடக்குக் கேட்டை மூடிட்டு வந்து ஏறு" என்றாள். ஏறிவிட்டேன். பெட்ரோல் போட நிற்கிற இடத்தில் இதை எழுதுகிறேன், பல்லெல்லாம் ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இரண்டு கட்டில் போடு. இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நான் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், கெரின் முன்னால் இதை வாய்விட்டுப் படித்துத் தொலைக்காதே.